தட்டில் செத்த புற்றுநோய்

புற்றுநோய் செல்லைக் கொல்வது பிரமாதமில்லை. கொஞ்சம் பினாயில் ஊற்றினால் போதும், செத்துப்போகும். அதற்காகப் பினாயிலைக் குடிப்பீர்களா?

ஆனால், ‘மூலிகைச் சாறு புற்றுநோயை அழித்தது, கல்லூரி ஆய்வில் சாதனை’ என்று பேப்பரில் வந்தால் மட்டும் உடனே வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அந்த ஆய்வில் நடப்பது இதுதான். இலையைக் காயவைத்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, அதில் சாற்றை விடுவார்கள். ஓரிரு நாள் கழித்து மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல் குறைந்தது என்று கணக்கு. எம்.டி.டி. சோதனை என்று பெயர். நல்ல சோதனைதான். ஆனால் முதல் படி. தட்டில் கல்லீரல் இல்லை, கிட்னி இல்லை, ரத்தம் ஓடவில்லை. குடித்த சாறு குடலைத் தாண்டிக் கட்டிவரை போய்ச் சேருமா என்பது தட்டுக்குத் தெரியாது.

நான் காமர்ஸ் படித்தவன். மொத்த விற்பனையை லாபம் என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். இங்கே முதல் நாள் போணியையே லாபம் என்கிறார்கள்!

அப்போ செடியில் மருந்தே இல்லையா? இருக்கு சார். நம் வாசலிலும் சுடுகாட்டிலும் பூக்கிற நித்தியகல்யாணி! சர்க்கரை நோய்க்கு நல்லது என்று 1950களில் ஜமைக்காவிலிருந்து கனடா போன இலை அது. எலிக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணு குறைந்தது. 1958ல் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். ஒரு கிராமுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதே செடியின் வின்கிரிஸ்டினுக்கு 1963ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இன்றும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. அதையே ரத்தக்குழாயில் ஏற்றாமல் முதுகுத்தண்டில் தவறிப் போட்டால் உயிர் போய்விடும். இதையா வீட்டில் அரைத்துக் குடிப்பது?

1960 முதல் 1982 வரை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுமார் 35,000 செடி மாதிரிகளைச் சலித்தது. மருந்தாகத் தேறியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் கோபம் ஆராய்ச்சி மாணவர்கள்மேல் இல்லை. அவர்களின் தட்டை ‘சாதனை’யாக்கும் கல்லூரிகள்மேல், அதை அப்படியே அச்சடிக்கும் எங்கள் ஜாதிமேல், அந்தச் செய்தியை ஃப்ரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டும் வியாபாரிமேல். புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் வந்துவிட்டது. யார் சட்டை செய்கிறார்கள்?

மார்பில் சின்னக் கட்டியோடு கோரிமேடு ஜிப்மருக்குப் போகவேண்டிய பெண், ஆறு மாதம் கஷாயம் குடித்துவிட்டு, எலும்பில் பரவியபின் போகிறாள். வரவு கஷாயக்காரருக்கு, பழி ஜிப்மர் டாக்டருக்கு.

சித்த வைத்தியத்தைத் திட்டுகிறேன் என்று கடிதம் போடாதீர்கள். அடுத்தமுறை அப்படிச் செய்தி வந்தால், மூன்றே கேள்வி கேளுங்கள்: தட்டிலா, எலியிலா, மனிதரிலா? நல்ல செல் பிழைத்ததா? எத்தனை நோயாளிகள் குணமானார்கள்? பதில் வராவிட்டால், சித்தப்பாவுக்கு அனுப்பாதீர்கள்.