பீலித் தீவின் நீலச் சாரை

"பாம்புக்கெல்லாம் ஏன் காசைக் கொட்டுறாங்கள்?" எண்டு எங்கட குசினியில ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

புளூ ரேசர், எங்கட பாசையில நீலச் சாரை எண்டு வையுங்கோ. விசமில்லை. கனடாவில அது மிச்சமிருக்கிறது ஈரி ஏரியிலுள்ள பீலித் தீவில மட்டும்தான். ஒன்ராறியோப் பெருநிலத்தில 1983க்குப் பிறகு உறுதியாக ஒருவரும் காணேல்லை. அழியும் ஆபத்திலுள்ளதெண்டு 1991இல அறிவிச்சது, 2012இல திரும்பப் பார்த்தபோதும் மாறேல்லை.

சுத்திவரத் தண்ணி, புது இரத்தம் வராது. சொந்தத்துக்குள்ளேயே கலந்து கலந்து போனால் மரபணு வேறுபாடு குறையும். பிறகு எல்லாத்தையும் சரிக்க ஒரு நோய் போதும். ஒஹாயோவில இருந்து கொண்டுவந்து விடலாமே எண்டால், அதுவும் கார்ச் சில்லுக்குள்ளதானே போகும்? முதலில காரை மெதுவா ஓட்டுங்கோ. குளிருக்கு அது உறங்கிற சுண்ணாம்புக்கல் வெடிப்புகளை விட்டுவையுங்கோ.

நயினாதீவில நாகத்தைக் கும்பிடுற சனம் நாங்கள். எங்களுக்கு இது விளங்காட்டி ஆருக்கு விளங்கும்?