அக்கி எழுதினால் போகுமா?

உடம்பில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல். இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் பட்டையாகக் கொப்புளங்கள். பூச்சிக்கடி, சூடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். விவரம் தெரிந்த பாட்டி பார்த்தால் சட்டென்று "அக்கி" என்பார். அடுத்து குயவர் வீட்டுக்குப் போய் காவி குழைத்து எழுதிக்கொள்வது கிராமத்துப் பழக்கம்.

பாட்டி கண்டுபிடித்தது சரி. வைத்தியம்தான் பிரச்சினை!

அக்கி சூட்டினால் வருவதில்லை. சின்ன வயதில் சின்னம்மை போட்ட அதே வைரஸ்தான். அம்மை இறங்கி தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, வயதாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது பெரும்பாலும் ஒரு நரம்பின் வழியே வெளிவருகிறது. ஒரு பக்கம் மட்டும் வருவது அதனால்தான். இதை 1965-ல் விளக்கியவர் ஹோப்-சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர்.

"எழுதினால் குணமாகிறதே?" என்பார்கள். கொப்புளம் எப்படியும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே காய்ந்துவிடும். பெயர் மட்டும் காவிக்கு! ஆனால் நரம்பு வலி சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட நீடிக்கும். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளை கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். காவிக்காக அலைவதில் போவது அந்த நேரம்தான். நெற்றி, கண் பக்கம் வந்தால் பார்வைக்கே ஆபத்து.

இன்னொன்று, கொப்புள நீர் பட்டால் அம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை வரலாம். மூடி வைப்பது நல்லது.

பாட்டி "அக்கி" என்றதும் ஆட்டோ டாக்டரிடம் போகட்டும். அன்றைக்கே.