மெஷின் அல்ல, ஸ்ட்ரிப்தான் கணக்கு

நோர்வுட் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். லயத்தில் யாருக்காவது வெளிநாட்டுச் சொந்தம் சீனி பார்க்கிற மெஷின் அனுப்பினால், இன்றும் என்னிடம் கொண்டுவருவார்கள். மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்திருக்கும் பொடியெழுத்துத் தாளைத்தான் நான் தேடுவேன்.

ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி இருக்கிறது. சிலவற்றில் அது பூஞ்சையிலிருந்து வந்தது. அதற்கு ஒட்சிசனும் குறுக்கே நிற்கும். வேறு சிலவற்றில் குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அசினெட்டோபக்டர் என்ற பக்டீரியா கொடுத்த வகையும் அதில் உண்டு. குளுக்கோஸிலிருந்து இலத்திரனை உருவி மின்னோட்டமாக்கிவிடும், வேகமாக, ஒட்சிசன் இல்லாமலே. காற்று மெலிந்த மலைக்கு நல்லதுதானே என்பீர்கள். 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவுக்கு அது பெரிய விஷயமில்லை. நம்மைப் படுத்துவது குளிர்தான்: பல ஸ்ட்ரிப்கள் 10 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்யா. தை மாத விடியலில் அங்கே அதைவிடக் குளிரும்.

அந்த பக்டீரியா நொதிக்கு ஒரு கெட்ட பழக்கம். கொழுந்தோடு முற்றிய இலையையும் கூடைக்குள் போடுகிற புதுக் கை மாதிரி, மோல்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். வயிற்றுவழி டயலிசிஸுக்குப் பாவிக்கும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் உடம்பில் மோல்டோஸாக உடைகிறது. மெஷின் சீனி கூட என்று காட்டும், இன்சுலின் ஏற்றுவார்கள், உண்மையில் சீனி தரையில் கிடக்கும். இப்படிப் போன 13 உயிர்களைச் சொல்லி 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பிறகு நொதியைத் திருத்திய ஸ்ட்ரிப்கள் வந்தன. கையிலிருப்பது எது என்று தாளைப் பார்த்தால்தான் தெரியும். தாளில் பெரும்பாலும் தமிழ் இல்லை.

நம் ஆட்களுக்கு அதைவிடக் கிட்டத்து ஆபத்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டி குடிப்பது. அந்தக் கை விரலிலேயே குத்தினால் எந்த நொதியும் பொய்தான் சொல்லும். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஊசி. வெந்நீரென்றால் விறைத்த விரலில் இரத்தமும் வரும்.

2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கையில்தான் மருத்துவ சாதனங்களும் இருக்கின்றன. நொதியின் பெயர், வெப்ப எல்லை, டயலிசிஸ் எச்சரிக்கை மூன்றையும் பெட்டியின் மேலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வைக்க அதனால் முடியாதா?

அனுப்புகிற சொந்தங்களுக்கும் ஒன்று. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றார்கள். ஒரு பெட்டி ஸ்ட்ரிப் அதற்கு அடங்காது. ஹட்டன் பார்மசியில் அந்த ஸ்ட்ரிப் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு மெஷினை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்ட்ரிப்புக்கே காசை அனுப்புங்கள்.