பாப்டிஸ்டுகளுக்கு எதற்கு நதிமூலம்?

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பாப்டிஸ்ட் சபைக்காரர்களில் ஒரு பிரிவினர் பார்ப்பதோடு நிற்பதில்லை. இல்லாத நதிமூலத்தை உருவாக்கி, அதற்குச் சரித்திரம் என்று பெயரும் வைக்கிறார்கள்.

அவர்கள் சொல்வது இதுதான். பாப்டிஸ்டுகள் புராட்டஸ்டண்டுகளே அல்லவாம். லூத்தருக்கு முன்பே, போப்புக்கும் முன்பே இருந்தவர்களாம். யோர்தான் நதியில் யோவான் ஸ்நானகன் கொடுத்த ஞானஸ்நானம் கை மாறிக் கை மாறி, அறுபடாமல் தங்கள் சபையில் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறதாம். மற்ற சபைகளெல்லாம் சபைகளே அல்ல, வெறும் சங்கங்கள். 1850களில் அமெரிக்காவின் டென்னஸி பக்கம் ஜே.ஆர். கிரேவ்ஸ் பரப்பிய இந்தக் கொள்கைக்கு 'லேண்ட்மார்க்' கொள்கை என்று பெயர். 1931ல் ஜே.எம். காரல் எழுதிய 'ரத்தத் தடம்' என்ற சிறு நூல் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

காரல் தரும் வம்சாவளி இப்படிப் போகிறது: மொன்டானிஸ்டுகள், நொவேஷியன்கள், டொனாட்டிஸ்டுகள், பாலிசியன்கள், அல்பிஜென்சியர்கள், வால்டென்சியர்கள், அனபாப்டிஸ்டுகள், கடைசியில் பாப்டிஸ்டுகள். பட்டியலில் உள்ளவர்களை இணைப்பது ஒன்றே ஒன்று, பெரிய திருச்சபையிடம் உதை வாங்கியவர்கள் என்பது. உதை வாங்கியவனெல்லாம் நம்ம ஆள் என்றால் எப்படி?

ஒவ்வொருவராகப் பார்ப்போம். டொனாட்டிஸ்டுகளுக்குப் பேராயர்கள் இருந்தார்கள். 411ல் கார்த்தேஜில் நடந்த மாநாட்டுக்கு மட்டும் 200க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். தங்கள் வழக்கைத் தீர்த்து வைக்கச் சொல்லி 313லேயே பேரரசர் கான்ஸ்டன்டைனிடம் மனு கொடுத்தவர்களும் அவர்களே. சபை விஷயத்தில் அரசன் தலையிடக் கூடாது என்பது பாப்டிஸ்டுகளின் உயிர்நாடியான கொள்கை. இரண்டும் ஒரே குடும்பமா?

அல்பிஜென்சியர்கள், அதாவது கத்தாரிகள், கதை இன்னும் மோசம். இந்த உலகத்தைப் படைத்தது தீய சக்தி என்று நம்பியவர்கள் அவர்கள். தண்ணீர் ஞானஸ்நானத்தையே ஏற்காமல், கைகளை வைத்துச் செய்யும் சடங்கு ஒன்றையே ஞானஸ்நானமாகக் கொண்டார்கள். தண்ணீரே வேண்டாம் என்றவர்களை முழுக்கு ஞானஸ்நானத்தின் முன்னோர்கள் என்பதற்கு அசாத்திய துணிச்சல் வேண்டும். வால்டென்சியர்களின் மூலவரான வால்டெஸோ, 1180 வாக்கில் கொடுத்த விசுவாச அறிக்கையில் குழந்தை ஞானஸ்நானத்தை ஒப்புக்கொண்டவர். குழந்தை ஞானஸ்நானம் கூடாது, சுயமாக விசுவாசிப்பவருக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்பதுதானே பாப்டிஸ்ட் என்பதன் அரிச்சுவடி?

சரி, உண்மையான தொடக்கம் எது? 1609, ஆம்ஸ்டர்டாம். இங்கிலாந்திலிருந்து தப்பி வந்த ஜான் ஸ்மித் என்ற போதகர், தான் குழந்தையாகப் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்று முடிவு செய்தார். தனக்குத்தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு, பிறகு தாமஸ் ஹெல்விஸ் முதலானோருக்கும் கொடுத்தார். அதுவும் முழுக்கு அல்ல, தண்ணீர் ஊற்றித்தான் என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஸ்மித்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்திலேயே மெனோனைட்டுகள் இருக்கும்போது தானே கொடுத்துக்கொண்டது தப்போ என்று, 1610ல் அவர்களோடு சேர விண்ணப்பித்தார். ஹெல்விஸ் மறுத்தார். ஞானஸ்நானத்துக்கு வாரிசுத் தொடர்ச்சி எதுவும் தேவையில்லை என்றார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் யார் தெரியுமா? ஞானஸ்நானம் பெறாமலேயே மற்றவர்களுக்குக் கொடுத்த யோவான் ஸ்நானகன்! தொடர்ச்சி இல்லை என்பதற்கு ஹெல்விஸ் சாட்சிக்கு அழைத்தவரையே, தொடர்ச்சி உண்டு என்பதற்கு இவர்கள் இழுத்து வருகிறார்கள்.

ஸ்மித்தின் கூட்டத்தார் 1615ல் மெனோனைட்டுகளோடு கரைந்துபோனார்கள். ஹெல்விஸின் சிறு கூட்டம் லண்டன் அருகே ஸ்பிடல்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பி, இங்கிலாந்து மண்ணின் முதல் பாப்டிஸ்ட் சபையானது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1639 வாக்கில் பிராவிடன்ஸில் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கிய ரோஜர் வில்லியம்ஸ், அப்போஸ்தலர்களிடமிருந்து வரும் அதிகாரத் தொடர்ச்சி இல்லையே என்ற கவலையில் சில மாதங்களிலேயே விலகிவிட்டார். சபை மட்டும் நிலைத்தது. தொடர்ச்சி கேட்டவர்கள் வெளியேற, வேண்டாம் என்றவர்கள் தங்கி வளர்த்ததுதான் பாப்டிஸ்ட் மரபு. இதற்கு வம்சாவளி எழுதுவது, ரோமாபுரியின் அப்போஸ்தல வாரிசுரிமையை முன்வாசலில் விரட்டிவிட்டுக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவதுதான்.

கதைதானே, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. லூயிவில் நகரிலுள்ள தென்னக பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியின் தலைவர் வில்லியம் விட்சிட், ஆங்கில பாப்டிஸ்டுகள் முழுக்கு ஞானஸ்நானத்தை 1641ல்தான் மீட்டெடுத்தார்கள் என்று ஆவணங்களைக் கொண்டு காட்டினார். 1896ல் நூலாகவும் வெளியிட்டார். விளைவு? பெரும் கூச்சல் கிளம்பி, 1899ல் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அவர் முன்வைத்த முடிவை இன்று பாப்டிஸ்ட் வரலாற்றாசிரியர்களே பொதுவாக ஏற்கிறார்கள். உண்மையைச் சொன்னவரை ஒரு கட்டுக்கதைக்காகத் துரத்தினார்கள். அதே கதையை வைத்துத்தான் அடுத்த சபைக்காரருக்கு அப்பமும் ரசமும் மறுக்கிறார்கள், அவர் பெற்ற முழுக்கும் செல்லாது என்கிறார்கள்.

பாதாளத்தின் வாசல்கள் சபையை மேற்கொள்ளாது என்று மத்தேயு 16:18ல் இருக்கிறதே, அப்படியானால் எல்லா நூற்றாண்டிலும் சபை இருந்திருக்க வேண்டுமே என்பார்கள். இருந்திருக்கட்டும். அந்த வாக்குறுதி கிறிஸ்துவின் சபைக்கு. எந்தப் பெயர்ப்பலகைக்கும் அல்ல.

ரத்தத் தடம்தான் வேண்டுமென்றால் அதற்கும் பஞ்சமில்லை. மனசாட்சியின் மேல் அரசனுக்கு அதிகாரமில்லை, யூதருக்கும் முஸ்லிமுக்கும் மதபேதம் செய்பவர் என்று தூற்றப்படுபவருக்கும்கூட அந்தச் சுதந்திரம் உண்டு என்று 1612லேயே அச்சிட்டு, மன்னர் ஜேம்ஸையே நோக்கிப் பேசினார் ஹெல்விஸ். நியூகேட் சிறையில் அடைபட்டு, 1616க்குள் இறந்துபோனார். பாஸ்டனில் ஒபதியா ஹோம்ஸுக்கு 1651ல் 30 கசையடிகள். ஜான் பன்யன் பெட்ஃபோர்டு சிறையில் 12 வருடங்கள். இவர்கள் சிந்தியது நிஜ ரத்தம், நிஜப் பெயர்களோடும் தேதிகளோடும்.

இவ்வளவு பெரிய சொத்து வீட்டில் இருக்க, பக்கத்து வீட்டுப் பத்திரத்தைத் திருத்தித் தன் பெயர் எழுதிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? கத்தாரிகளைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஹெல்விஸைப் படிக்கலாம். மாற்று மதத்தவரின் மனசாட்சிக்காகச் சிறைக்குப் போன ஒருவரை முன்னோராகக் கொண்டவர்கள், அடுத்த சபைக்காரரை வாசலிலேயே நிறுத்த மாட்டார்கள்.