பெரிய வண்டிமேல்தான் குற்றம்!

கதை எழுதுகிறவர்கள் செய்யும் பாவங்களில் ஒன்றை இன்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாவலின் இருபதாவது அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும்போது, எங்களுக்கு ஓடோடி வந்து கைகொடுப்பது ஒரு லாரி. கதாநாயகியின் முதல் கணவனா? சொத்துக்கு உரிமை கொண்டாடி வரும் பங்காளியா? மனம் திருந்தி, இனிமேல் கதைக்குப் பிரயோஜனம் இல்லாமல் போய்விட்ட வில்லனா? 'எதிரே அசுர வேகத்தில் ஒரு லாரி வந்தது' என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது விஷயம். நானும் இப்படி மூன்று பேரைத் தீர்த்துக் கட்டியிருக்கிறேன். அந்த மூன்று லாரிகளில் ஒன்றிலாவது டிரைவர் என்று ஒரு மனிதன் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பிள்ளை குட்டி கிடையாது. மோதிவிட்டு அடுத்த வரியில் மறைந்துபோவான். சினிமாக்காரர்கள் எங்களையும் மிஞ்சிவிட்டார்கள். வில்லன் பணம் கொடுத்து அனுப்புகிற ஆளாகவே அவனை ஆக்கிவிட்டார்கள்.

கதையிலும் படத்திலும் இப்படிப் பழகிப்போன கண்ணோடுதான் நாம் சாலைக்கு வருகிறோம். அங்கே ஒரு விபத்து நடந்துவிட்டால் நமக்கு விசாரணை வேண்டியிருப்பதில்லை. காரும் லாரியும் மோதினால் லாரிமேல் குற்றம். ஸ்கூட்டரும் காரும் மோதினால் கார்மேல் குற்றம். சைக்கிளும் ஸ்கூட்டரும் மோதினால் ஸ்கூட்டர்மேல் குற்றம். 'பெரிய வண்டிமேல்தான் குற்றம்' என்ற இந்தத் தீர்ப்பை எந்த நீதிபதி எழுதினார், எந்தச் சட்டசபை நிறைவேற்றியது என்று யாரும் கேட்பதில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. வண்டியின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து பார்த்துத் தண்டனை கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய தெருமுனை நீதிமன்றத்தில் வேறு சட்டமே செல்லாது.

இதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்தது ஒரு விடியற்காலையில்.

தருமபுரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் என் கார் நின்றுவிட்டது. அதை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுக் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். பளபளப்பான கார்கள் பல போயின. ஒன்றும் நிற்கவில்லை. நின்றது, வடக்கேயிருந்து வெங்காயம் ஏற்றி வந்த ஒரு பத்துச் சக்கர லாரி.

"ஏறுங்க சார், சேலத்துல இறக்கிவிடறேன்" என்றார் டிரைவர். ஐம்பது வயதிருக்கும். நாமக்கல் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

தருமபுரியிலிருந்து சேலம் வருகிறவர்களுக்குத் தொப்பூர்க் கணவாயைத் தெரியும். நீண்ட இறக்கம். லாரி விபத்துக்குப் பேர்போன இடம். நான் அதுவரை அந்த இறக்கத்தைக் காரின் மெத்தையில் சாய்ந்துகொண்டுதான் பார்த்திருக்கிறேன். லாரியின் கேபினிலிருந்து பார்த்தபோது அது வேறு மலையாக இருந்தது.

"இவ்வளவு மெதுவாப் போறீங்களே?" என்று கேட்டேன்.

"ஏறும்போது எந்தக் கியர்ல ஏறுவமோ, இறங்கும்போதும் அந்தக் கியர்லதானுங்க இறங்கோணும். பிரேக்கை நம்பி இறங்கினா, பாதி மலையில அது நம்மளக் கைவிட்டுடும்."

அவர் முன்னால் போன வண்டிக்கும் தம் வண்டிக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு வந்தார். அந்த இடைவெளியைப் பார்த்ததும் பின்னால் வந்த ஒரு காருக்கு ஆசை பிறந்துவிட்டது. இடப்பக்கமாக வந்து, எங்கள் மூக்குக்கு முன்னால் புகுந்து, புகுந்த வேகத்தில் பிரேக்கும் போட்டது. டிரைவர் காலை அழுத்தினார். 'உஸ்' என்று காற்று சீறியது. இருபத்தெட்டு டன் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து முட்டியதுபோல் இருந்தது. காரின் பின் ஸீட்டில் நின்றுகொண்டிருந்த ஒரு குழந்தை, கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தது.

"இந்த இறக்கத்துல இது அஞ்சாவதுங்க" என்றார் அவர், கோபமில்லாமல்.

"நாலு வார்த்தை திட்ட மாட்டீங்களா?"

"கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டுப் பாட்டுக் கேக்கறவருக்கு நான் திட்டறது கேக்கப் போவுதுங்களா? அவருக்கு என் வண்டிதானுங்க தெரியுது. எனக்கு அந்தக் கொழந்தை தெரிஞ்சுது."

அந்தக் கார்க்காரரை வையத் தொடங்கிய என் நாக்கு பாதியில் நின்றுவிட்டது. அதே பாதையில் அதே மாதிரி எத்தனை தடவை நான் புகுந்திருக்கிறேன்! புகுந்ததோடு, 'நகரவே மாட்டேன் என்கிறானே!' என்று அந்த லாரிக்காரரைத் திட்டியும் இருக்கிறேன்.

வாசகர்களில் கார் வைத்திருப்பவர்களும், ஸ்கூட்டரில் ஆபீஸுக்குப் போகிறவர்களும் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஆபத்தைக் கண்ணால் கண்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு வினாடி ஓடிவிடுகிறது. அதற்குள்ளேயே லாரி 17 மீட்டர் வந்துவிட்டது. லாரியில் இருப்பது காற்று பிரேக். மிதித்த பிறகு குழாய் வழியாகக் காற்று சக்கரத்துக்குப் போய்ச் சேர இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். அதற்குப் பிறகுதான் சுமையோடு சேர்ந்த அந்த ஓட்டம் குறையத் தொடங்குகிறது. ஆக, அந்த டிரைவர் முன்னால் விட்டுவைத்த இடம் யாரும் வந்து குடியேறலாம் என்ற புறம்போக்கு நிலமல்ல. அந்த லாரி நிற்பதற்கு வேண்டிய இடம். அதில் நாம் புகும்போது அவருடைய பிரேக்கில் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

இறக்கத்தில் விஷயம் இன்னும் மோசம். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் சக்கரத்து டிரம் சூடேறுகிறது. ஆறுவதற்குள் மறுபடி அழுத்தினால் இன்னும் சூடு. ஓர் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டால் பிரேக்குக்குப் பிடிப்புக் குறைந்துபோகிறது. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ மிதிக்கும்போது கால் இறங்குகிறது, வண்டி நிற்பதில்லை. மறுநாள் பத்திரிகையில், 'பிரேக் பிடிக்காமல் தாறுமாறாக ஓடிய லாரி' என்று கொட்டை எழுத்தில் செய்தி வருகிறது. அந்த பிரேக்கைத் தீர்த்தவர்கள் யார்? மலையின் மேலிருந்து ஒவ்வொருவராக முன்னால் புகுந்து, ஒன்றும் நடக்காமல் வீடு போய்ச் சேர்ந்த கனவான்களுக்கும் அதில் பங்கு உண்டல்லவா? எல்லா விபத்தும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பராமரிப்பில்லாத வண்டியும் உண்டு. டீஸலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற டிரைவரும் உண்டு. ஆனால் அவர்கள் செய்த குற்றம் செய்தியில் வருகிறது. நாம் செய்த குற்றம் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. காலை காப்பியோடு அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, 'இந்த லாரிக்காரன்களை எல்லாம்...' என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

ஊருக்குள்ளும் இதே கதைதான். நம் நாட்டு லாரியில் டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கத்துக் கதவுக்குக் கீழே, உரசினாற்போல் நிற்கும் ஒரு ஸ்கூட்டர் அவர் கண்ணுக்குத் தெரியாது. முன் பம்பரை ஒட்டி நடந்து போகிறவரின் தலையும் தெரியாது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் நீள வண்டி முதலில் கொஞ்சம் வலப்பக்கம் விலகித்தான் திரும்ப முடியும். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட மூலைக்கு நெருங்கி வரும். 'ஆகா, வழி விட்டான்' என்று அந்தச் சந்தில் நுழைகிறோமே, அது வழியல்ல, கத்தரிக்கோலின் வாய். 2022-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அத்தனை வீட்டுத் துக்கமும் உண்மை. அந்தத் துக்கத்துக்கு மரியாதை செய்வதென்றால் காரணத்தைத் தேட வேண்டும். கைக்கு அகப்பட்ட டிரைவரை உதைப்பது மரியாதை ஆகாது.

உதைப்பது என்று சும்மா சொல்லவில்லை. விபத்து நடந்த இடத்தில் முதலில் கூடுவது ஆம்புலன்ஸா, கூட்டமா? ஒருவர் டிரைவரைக் கீழே இழுக்கிறார். ஒருவர் கல்லை எடுக்கிறார். விபத்தையே பார்க்காத பத்துப் பேர் கை வைக்கிறார்கள். இதை மோட்டார் வாகனச் சட்டம் எழுதியவர்களே அறிந்திருந்தார்கள். அதன் 134-வது பிரிவு, அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் ஒழிய என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே ஜனங்களின் வெறி ஒரு விதிவிலக்காக இடம்பெற்றிருக்கிறதென்றால், நாம் எவ்வளவு வெட்கப்பட வேண்டும்!

2023-ல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய நியாய சம்ஹிதை வந்தது. கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்து, உடனே போலீஸுக்கோ மாஜிஸ்டிரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பி ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று அதன் 106-வது பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 'கொன்றுவிட்டு ஓடுவதற்கு உரிமை கேட்கிறார்களா?' என்று நம்மில் பலர் கொதித்தோம். அந்த வருஷம் ஜூலை முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

அடிபட்டவனை ரத்த வெள்ளத்தில் விட்டுவிட்டு ஓடுவது கொடுமை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. ஓடினால் பத்து வருஷம் என்று சட்டம் சொல்கிறது. நின்றால் எலும்பு மிஞ்சாது என்று கூட்டம் சொல்கிறது. நடுவே நிற்கிற மனிதன் என்ன செய்வான்? அவன் நிற்க வேண்டுமென்று நாம் உண்மையாகவே விரும்பினால், நிற்கிறவன்மேல் கை விழாது என்ற உறுதியை முதலில் கொடுக்க வேண்டியவர்கள் நாம். அந்த உறுதியைப் பார்லிமெண்ட் கொடுக்க முடியாது. கல்லை எடுக்கிற கைதான் கொடுக்க வேண்டும்.

'லாரிக்காரர்கள் யோக்கியர்களா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். விளக்கில்லாமல் இருட்டில் லாரியை நிறுத்துகிறார்கள். வலப்பக்கத்துப் பாதையை விடாமல் பிடித்துக்கொண்டு ஊர்கிறார்கள். அளவுக்கு மீறி லோடு ஏற்றுகிறார்கள். குடிக்கிறவர்களும் தூங்கி வழிகிறவர்களும் இருக்கிறார்கள். குற்றம் செய்தவர்களைச் சட்டப்படி தண்டிக்கட்டும். ஆனால் அந்தத் தூக்கத்தைக் கொஞ்சம் விசாரியுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டிவிட்டது. சட்டம் புத்தகத்தில் தூங்க, டிரைவர் ஸ்டீயரிங்கில் விழித்திருக்கிறார். சரக்கு நாளைக்கே வந்து சேர வேண்டும் என்று அவரை விரட்டுவது முதலாளி மட்டுமா? இன்று ராத்திரி பொத்தானை அழுத்திவிட்டு, நாளைக் காலை வாசலில் பொட்டலத்தைத் தேடுகிற நாமும்தான். எஞ்சினுக்குப் பக்கத்தில் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் வெயில் சுடும் என்று கண்டுபிடித்து, புதிதாகத் தயாராகும் லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்று விதி அமலுக்கு வர 2025 அக்டோபர் ஆகிவிட்டது. நம் கார்களுக்குக் குளிர்சாதனம் எப்போது வந்தது என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும்.

பெரிய வண்டிக்குப் பொறுப்பு அதிகம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இருபத்தெட்டு டன்னை ஓட்டுகிறவன் ஒரு டன்னை ஓட்டுகிறவனைவிட எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். நம்முடைய தப்பையும் சேர்த்து அவர்கள் கணக்குப் போட்டு ஓட்டுவதனால்தான் நம்மில் பலர் இன்று உயிரோடு இருக்கிறோம். ஆனால் பொறுப்பு அதிகம் என்பது வேறு, குற்றம் அவனுடையது என்பது வேறு. சின்ன வண்டியில் போகிறவன் குழந்தையாகிவிடுவதில்லை. லைசென்ஸ் வாங்கிய மனிதன்தான் அவனும்.

சேலத்தில் இறங்கும்போது டிரைவரிடம் பணம் கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை.

"கார் சரியாயிட்டா அதே வழியிலதானுங்க வருவீங்க? எங்க முன்னால பூந்துடாதீங்க, அது போதும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

என் நாவல் ஒன்று அடுத்த பதிப்புக்குப் போகிறது. நான் செய்த மூன்றாவது கொலை அதில்தான் இருக்கிறது. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாத்திரம் சாகத்தான் வேண்டும். கதை அப்படி அமைந்துவிட்டது. லாரியும் வரட்டும். ஆனால் இந்தத் தடவை அது அசுர வேகத்தில் வராது. அதை ஓட்டி வருகிறவருக்கு ஒரு பெயரும், வீட்டில் காத்திருக்கிற ஒரு பெண்ணும் இருப்பார்கள். இடப்பக்கமாக வந்து முன்னால் புகுந்தவர், வாசகர்கள் இருபது அத்தியாயமாக நேசித்து வந்த அந்த நல்ல மனிதர்தான்.