பாடசாலைகளை எண்ணினார்கள்; பிள்ளைகளை எண்ணினார்களா?

இந்திய மத்திய கல்வி அமைச்சு 2024-25 கல்வியாண்டுக்கான பாடசாலைப் புள்ளிவிபர அறிக்கையை 2025 ஆகஸ்ட் மாத இறுதியில் வெளியிட்டது. நாடு முழுவதிலும் 14 இலட்சத்து 71 ஆயிரம் பாடசாலைகள். அவற்றில் 24 கோடியே 69 இலட்சம் மாணவர்கள். ஆசிரியர் தொகை முதற்றடவையாக ஒரு கோடியைத் தாண்டியுள்ளது. இந்தியப் பத்திரிகைகளிற் பெரும்பாலானவை 'ஒரு கோடி ஆசிரியர்கள்' என்பதையே தலைப்பாக்கின. எமது கவனத்தை ஈர்த்ததோ வேறொரு எண். 2021-22 கல்வியாண்டில் இதே அமைச்சின் கணக்கில் 26 கோடியே 52 இலட்சம் மாணவர்கள் இருந்தனர். மூன்று ஆண்டுகளில் 1 கோடியே 83 இலட்சம் பேர் ஏடுகளிலிருந்து மறைந்திருக்கிறார்கள். இது சிறியதொரு நாட்டின் மொத்தச் சனத்தொகைக்கு ஒப்பான தொகை.

இவர்கள் எங்கே போனார்கள்? இக்கேள்விக்குத் திட்டவட்டமான விடையை அந்த அறிக்கையிற் காண முடியாது. ஏன் காண முடியாது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, பாடசாலைக் கணக்கு எவ்வாறு எடுக்கப்படுகின்றது என்பதை முதலில் நாம் நோக்க வேண்டும்.

படிவத்தின் பயணம்

இந்தியாவில் இன்று நடைமுறையிலுள்ள ஆண்டுக் கணக்கெடுப்பு 1994-95இல், மாவட்ட ஆரம்பக் கல்வித் திட்டத்தின் ஓர் அங்கமாக, யுனிசெப் நிறுவனத்தின் உதவியுடன் சில மாநிலங்களிலே தொடங்கப்பட்டது. 2012-13இல் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் உயர்நிலைப் பாடசாலைகளுக்குமான கணக்குகள் ஒன்றாக்கப்பட்டன. 2018-19 முதல் 'யு-டைஸ் பிளஸ்' என்ற பெயருடன் அது முற்றாக இணையவழிக்கு மாறியது. எனினும் அதன் அடிப்படை மாறவில்லை. தலைமையாசிரியர் படிவத்தை நிரப்புகிறார். அது வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக ஏறிப் புதுடில்லியைச் சென்றடைகின்றது. புதுடில்லியில் எவ்வளவு சிறந்த கணினிகள் இருந்தாலும், அவற்றினுட் செல்வது அந்தத் தலைமையாசிரியர் எழுதிய எண்தான்.

அந்த எண்ணை எழுதுபவர் நடுநிலையாளர் அல்லர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 2010 ஏப்ரல் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, மாணவர் தொகைக்கேற்பவே ஆசிரியர் எண்ணிக்கை நிர்ணயிக்கப்படுகின்றது. மதிய உணவுக்கான அரிசி, பாடநூல்கள், சீருடைகள் யாவும் மாணவர் தொகையைப் பொறுத்தே வழங்கப்படுகின்றன. தொகை குறைந்தால் ஆசிரியர் இடமாற்றப்படுவார். மேலும் குறைந்தால் பாடசாலையே மூடப்படும். இந்நிலையில், பக்கத்து ஊர்த் தனியார் பாடசாலைக்குச் சென்றுவிட்ட பிள்ளையின் பெயரை வரவு இடாப்பிலிருந்து வெட்டுவதற்கு எந்த ஆசிரியருக்குத்தான் மனம் வரும்? பெற்றோரும் அரசாங்கச் சலுகைகளைக் கருதி ஒரு பிள்ளையை இரண்டு இடங்களிற் பதிந்து வைப்பதுண்டு. இவ்வாறே ஒரு பிள்ளை இரு பிள்ளையாகின்றது.

இதனைத் திருத்தும் நோக்குடன், 2022-23 முதல் பாடசாலைவாரியான தொகைக்குப் பதிலாக மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு என்ற முறை கொண்டுவரப்பட்டது. பெயர், பெற்றோர் பெயர், இயன்றவரை ஆதார் எண் ஆகியவை சேர்க்கப்பட்டன. முறை மாறிய முதல் ஆண்டிலேயே மாணவர் தொகை 25 கோடியே 18 இலட்சமாகச் சரிந்தது. மறு ஆண்டு அது 24 கோடியே 80 இலட்சம். முறை மாறிவிட்டதால் பழைய எண்களுடன் புதியவற்றை நேரடியாக ஒப்பிடக்கூடாது என்று அமைச்சு விளக்கமளித்தது.

இந்த விளக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது முழு விளக்கம் அன்று. மறைந்தவர்களில் ஒரு பகுதியினர் இரட்டைப் பதிவுகளாகவும் போலிப் பெயர்களாகவும் இருந்தவர்கள். அவர்கள் நீங்கியது நன்றே. இன்னொரு பகுதி பிறப்பு வீதம் குறைந்துவருவதால் ஏற்பட்ட இயல்பான குறைவு. மூன்றாவது பகுதியினரே எம்மைக் கவலைகொள்ள வைப்பவர்கள். கரும்பு வெட்டுவதற்கும் செங்கற்சூளைகளுக்கும் பெற்றோருடன் ஆண்டுதோறும் இடம்பெயரும் பிள்ளைகள், கையிற் பத்திரமெதுவும் இல்லாதோர், கொரோனாக் காலத்தில் வேலைக்குப் போய் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பாதோர் ஆகியோர் இப்பகுதியினர். இந்த மூன்று பகுதிகளும் எந்த விகிதத்திற் கலந்திருக்கின்றன என்பதை அறிக்கை பிரித்துக் காட்டவில்லை. போலிப் பெயரும் உண்மைப் பிள்ளையும் ஒரே கோட்டினால் வெட்டப்பட்டால், வெட்டியவருக்கே வேறுபாடு தெரியாமற் போய்விடும்.

வீட்டிலிருந்து தொடங்கிய கணக்கு

இவ்விடத்திற் பழைய வரலாறு ஒன்றை நினைவுகூர்வது பொருத்தமானது. சுதந்திர இந்தியாவின் முதலாவது அகில இந்தியக் கல்வி அளவீடு 1957இல் நடத்தப்பட்டது. அதன் பின் 1965, 1973, 1978, 1986, 1993, 2002, 2009 ஆகிய ஆண்டுகளில் மேலும் ஏழு அளவீடுகள் நிகழ்ந்தன. 1961இல் நிறுவப்பட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிப் பேரவை இவற்றை முன்னின்று நடத்தியது. இந்த அளவீடுகளின் சிறப்பு யாதெனில், அவை பாடசாலையை மட்டும் எண்ணவில்லை, குடியிருப்புகளையும் எண்ணின. ஊர் என்று வருவாய்த்துறை எழுதிவைத்த பெயருக்குள் ஒளிந்திருக்கும் சேரிகள், மலைக்குடிகள், ஆற்றுக்கு அப்பாலுள்ள பத்து வீடுகள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்து, அங்கிருந்து ஆரம்பப் பாடசாலைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டன. 2002ஆம் ஆண்டின் ஏழாவது அளவீடு 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளை இவ்வாறு பதிவுசெய்தது.

இக்கேள்வியின் பெறுமதியைத் தமிழர் நன்கறிவர். 1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராகவிருந்த காலத்தில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையுடன் சென்னை மாநிலத்திற் பாடசாலையற்ற ஊர்களிலெல்லாம் பாடசாலைகள் திறக்கப்பட்டன. மதிய உணவுத் திட்டமும் அக்காலத்திலேயே வேரூன்றியது. எந்த ஊருக்குப் பாடசாலை இல்லை என்பதைக் கண்டறியும் வேலை அங்கு எல்லாவற்றிற்கும் முற்பட்டதாக இருந்தது. இல்லாததை எண்ணினாலன்றி, இல்லாததைக் கொடுக்க முடியாது.

ஆனால் 2009இன் எட்டாவது அளவீட்டுக்குப் பின், அத்தகைய பெரிய அளவீடெதுவும் நடைபெறவில்லை. அந்த அளவீடுகளுக்கும் குறை இருந்தது: விபரம் திரட்டிய நாளுக்கும் அறிக்கை வெளிவந்த நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்தன. ஆண்டுக் கணக்கு விரைவானது என்பதால் அதுவே போதுமென்ற நிலை உருவாகியது. விரைவு கிடைத்தது, ஆனால் கேள்வி மாறிவிட்டது. பழைய அளவீடு பிள்ளையின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கியது. புதிய கணக்கு பாடசாலையின் வாசலில் தொடங்குகின்றது. அந்த வாசலுக்கு ஒருபோதும் வராத பிள்ளை அதன் கண்ணிற் படுவதில்லை.

மூடுவதற்கான கணக்கு

இதன் விளைவை 2025இல் உத்தரப்பிரதேசம் எமக்குக் காட்டியது. 50க்குக் குறைவான மாணவர்களைக் கொண்ட அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளை அருகிலுள்ள பாடசாலைகளுடன் இணைப்பதற்கு அம்மாநில அரசு ஜூன் மாதம் ஆணையிட்டது. ஏட்டிலுள்ள எண்களை மட்டும் நோக்கினால் இது சிக்கனமான, அறிவார்ந்த முடிவாகவே தோன்றும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை இனி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், இடையிற் பெருந்தெரு குறுக்கிடுகின்றதா என்பன அந்த எண்களில் இல்லை. பெற்றோர் நீதிமன்றத்தை நாடினர். எதிர்ப்புகளின் பின்னர், ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பாடசாலைகளுடன் இணைப்பதில்லை என்று மாநில அரசு அறிவித்தது. ஆணைக்கு முன்னரே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி, வழக்கின் பின்னரே கேட்கப்பட்டது.

இதே 2024-25 அறிக்கையில் வேறு இரு எண்களும் உள்ளன. ஒரு மாணவர் தானும் இல்லாத பாடசாலைகள் 7,993. அவற்றில் 20,817 ஆசிரியர்கள் பணியிலிருந்தனர். மறுபுறம், ஓராசிரியர் பாடசாலைகள் 1,04,125. அவற்றிற் பயின்றோர் 33 இலட்சத்துக்கு மேற்பட்டோர். மாணவரில்லாத இடத்தில் ஆசிரியர்; மாணவருள்ள இடத்தில் ஆசிரியர் பற்றாக்குறை. ஆரம்பப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஆகக் குறைந்தது இரு ஆசிரியர்கள் இருக்க வேண்டுமென்று சட்டம் கூறுகின்றது. புள்ளிவிபரம் இவ்விடத்தில் அரசின் தவறை அரசின் ஏட்டிலேயே எழுதிவைத்திருக்கின்றது. அவ்வகையில் இந்தக் கணக்கு பயனுடையதே என்பதை நாம் மறுக்கவில்லை.

எனினும் அந்த ஓராசிரியரை எண்ணிப் பாருங்கள். ஐந்து வகுப்புகளையும் அவரே கற்பிக்க வேண்டும். படிவத்தையும் அவரே நிரப்ப வேண்டும். கற்பிக்கும் நேரம் விபரம் பதிவதிற் கழிகின்றது என்று தமிழ்நாட்டு ஆசிரியர்களும் நீண்டகாலமாக முறையிட்டு வந்தனர். கல்வியை அளப்பதற்கான வேலை, கல்வியையே தின்றுவிடக்கூடாது.

அடியெண் இல்லாத வீதம்

இன்னொரு குறைபாடும் உண்டு. நூற்றுக்கு எத்தனை பிள்ளைகள் பாடசாலையில் உள்ளனர் என்று கூறுவதற்கு, பாடசாலையிலுள்ளோர் தொகை மட்டும் போதாது. அந்த வயதுப் பிள்ளைகள் நாட்டில் மொத்தம் எத்தனை பேர் என்பதும் தெரிய வேண்டும். இந்தியாவின் கடைசிக் குடிசன மதிப்பீடு 2011இல் நடைபெற்றது. 2021இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவின் பெயரால் தள்ளிப்போனது. 2027 மார்ச் முதலாம் திகதியைக் கணக்கு நாளாகக் கொண்டு அது நடத்தப்படுமென 2025இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, 2024-25 அறிக்கையிற் கூறப்படும் வீதங்கள் யாவும் பழைய மதிப்பீட்டிலிருந்து ஊகித்துப் பெற்ற அடியெண்ணின் மீதே நிற்கின்றன.

இந்தக் குறைபாட்டின் பொருளை ஈழத்தவராகிய எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் 1981இன் பின்னர் நாடு முழுவதற்குமான குடிசன மதிப்பீடு 2012இலேயே நிறைவுற்றது. 1991இல் அது நடைபெறவேயில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமைபெற்றது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழும் அதில் முழுமையாக இடம்பெறவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பிறந்து, படித்து அல்லது படியாது, வளர்ந்து முடிந்த காலம் அது.

2010இல், மீள்குடியேற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில், வன்னியிற் பாடசாலையொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். அப்பொழுது நாம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தோம். மரநிழலில் மூன்று வகுப்புகளும், தறப்பாளின் கீழ் இரண்டு வகுப்புகளும் நடந்துகொண்டிருந்தன. அதிபரின் மேசையிற் புள்ளிவிபரப் படிவம் இருந்தது. கட்டடங்களின் எண்ணிக்கை கேட்கப்பட்ட கட்டத்தில் அவர் தயங்காமற் பூச்சியத்தை எழுதினார். மாணவர் தொகைக்கான கட்டத்தில் அவரது பேனை நின்றுவிட்டது. அன்று காலை வந்தோரை எழுதுவதா, அல்லது தாம் பாதுகாத்து வைத்திருந்த பழைய இடாப்பில் உள்ளோரை எழுதுவதா என்று அவர் எம்மிடம் கேட்டார். பழைய இடாப்பிலிருந்து பெயரை நீக்குவதற்குக் காரணம் எழுத வேண்டும். இடமாற்றம், விலகல் என்ற இரண்டு காரணங்களையே அவர் அறிந்திருந்தார். எமக்கும் மூன்றாவது காரணம் தெரிந்திருந்தது. அதை எழுதக் கட்டம் இருக்கவில்லை.

இந்தியாவின் நிலை வேறு. அங்கு நிகழ்வது நிர்வாகத்தின் குறைபாடு, எமக்கு நிகழ்ந்தது போர். இரண்டையும் ஒன்றெனக் கூறுவது நேர்மையாகாது. ஆனால் இடாப்பிலிருந்து ஒரு பெயர் நீங்கும்போது, அப்பிள்ளை எங்கே என்று கேட்க வேண்டிய கடமை இரண்டிடத்திலும் ஒன்றே.

செய்ய வேண்டியது என்ன?

இதற்கு வழியில்லாமலில்லை. 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 'அசர்' என்ற பெயரில் கிராமப்புற வீடுகளுக்கே சென்று ஆய்வு நடத்தி வருகின்றது. பாடசாலையிற் பதியாத பிள்ளையும் அதன் கணக்கில் வருகின்றது. கையிற் சிறியதொரு வாசிப்புத் தாளைக் கொடுத்து, வாசிக்கச் சொல்கிறார்கள். 2024ஆம் ஆண்டின் ஆய்வில், ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே என்று தெரியவந்தது. எத்தனை பேர் பாடசாலையில் உள்ளனர் என்பதும், எத்தனை பேர் கற்கின்றனர் என்பதும் வெவ்வேறு கணக்குகள் என்பதை இது உணர்த்துகின்றது. ஆனால் அசர் ஒரு மாதிரி ஆய்வே. ஒவ்வொரு குடியிருப்பையும் அது பதிவுசெய்வதில்லை.

ஆகவே, முதலாவதாக, குடியிருப்புகளிலிருந்து தொடங்கும் ஒன்பதாவது அளவீடு ஒன்றை, 2027இன் குடிசன மதிப்பீட்டுடன் பொருந்தும் வகையில் இந்திய அரசு நடத்த வேண்டும். இரண்டாவதாக, மாணவர் பதிவு நீக்கப்படும் ஒவ்வொரு முறையும் காரணம் எழுதப்பட்டு, அக்காரணங்கள் மாவட்டவாரியாகப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, பத்திரமில்லை என்பதற்காக எப்பிள்ளையின் பெயரும் ஏட்டிலிருந்து விடுபடக்கூடாது. நான்காவதாக, கணக்கெடுக்கும் சுமை ஆசிரியரின் தோளிலிருந்து இறக்கப்பட வேண்டும். கணக்கினால் இலாப நட்டமடையாதவரே கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

தொகை குறைந்தமைக்காக அமைச்சு வெட்கப்பட வேண்டியதில்லை. பொய்யான பெரிய எண்ணைவிட மெய்யான சிறிய எண் மேலானது. ஆனால் அது மெய்யான எண்தானா என்பதை நிறுவும் பொறுப்பு அமைச்சினுடையது. 1 கோடியே 83 இலட்சம் பெயர்களில் எத்தனை பெயர்களுக்குப் பின்னால் உண்மையான பிள்ளை ஒன்று இருந்தது என்பதை வீடு வீடாகச் சென்று கேட்கும்வரை, இந்த அறிக்கை பாதிக் கணக்காகவே இருக்கும்.