பனியும் உப்பும்



மரக்காணத்து உப்பளங்களில் கோடைக்காலத்தில் வெண்மையாய்க் குவிந்து கிடக்கும் உப்பை நம்மில் பலர் கண்டிருப்போம். அத்தகைய உப்பளங்கள் சூழ்ந்த மற்றொரு கடற்கரைப் பட்டினம் தூத்துக்குடி. பனி விழுந்து ஒருநாளும் கண்டறியாத அவ்வூர், தன் அன்னையைப் பனிமய மாதா என்றே அழைக்கின்றது. உரோமை நகரில் கடுங்கோடையாகிய ஆகஸ்டு 5ஆம் நாள் எஸ்குவிலின் குன்றின்மேல் பனி பெய்து, தேவதாய்க்குக் கோவில் எழவேண்டிய இடத்தைக் காட்டிற்று என்பது பண்டை மரபு. அந்நாளே தூத்துக்குடியின் பெருவிழா நாள்.

முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் புனித சவேரியார் அவர்களிடையே வந்து மறைக்கல்வி புகட்டினார். இன்று நாம் காணும் மாதா கோவில் 1713இல் எழுந்தது. 1982இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. ஆண்டுதோறும் ஜூலை 26இல் கொடியேறுகின்றது. 1806இல் முதன்முதல் ஓடிய தங்கத்தேரோ சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே வீதிக்கு வரும். கோவிலின் முந்நூறாம் ஆண்டாகிய 2013இலும், பின்னர் 2023இலும் அது பவனி வந்தது. வடம் பிடிப்போரில் பிற சமயத்தவரும் உண்டு.

கடற்கரையில் திருவிழா ஒருநாள் வந்து மறைவதன்று; ஆண்டு முழுவதும் தொடர்வது. தவக்காலமும் உயிர்ப்பு விழாவும் நிறைவுறும் காலத்தையொட்டி, ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் கட்டப்படுகின்றன. மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது. ஜூன் நடுவில் கடல் மீண்டும் திறக்கின்றது. ஜூலை 16இல் கார்மேல் மாதா விழா. அந்நாளில் இசுபானியக் கடலோர ஊர்களில் மீனவர் மாதாவின் சுரூபத்தைப் படகிலேற்றிக் கடலில் பவனி செல்வர். சென்னைக்குத் தெற்கே, கோவளத்திலும் கார்மேல் மாதா கோவில் உண்டு. ஆகஸ்டில் தூத்துக்குடி, ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, செப்டம்பர் 14இல் மணப்பாட்டுத் திருச்சிலுவை விழா. வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் டிசம்பர் 3இல் கோட்டாற்றுச் சவேரியார் விழா; அதே மாதம் கன்னியாகுமரியில் அலங்கார உபகார மாதா விழா.

உள்நாட்டில் வாழும் நமக்கும் இத்தகைய வரிசை உண்டு. சனவரியில் வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா. உயிர்ப்புக்குப் பின் வில்லியனூர் லூர்து மாதா. அவற்றோடு ஒவ்வோர் ஊருக்கும் தன் பாதுகாவலர் விழா. ஆயின், விழா யாருடையது என்னும் வினாவை நாம் ஒதுக்கிவிட இயலாது.

விழாவுக்கு ஊரார் வரி கொடுப்பது வழக்கம். வரி கொடுப்பது சுமை என்று எண்ணுவோம். சில ஊர்களிலோ, ஒரு தெருவாரிடம் வரி வாங்க மறுப்பதே அவர்களுக்கு இழைக்கப்படும் பெருங்கொடுமை. காசு வாங்கினால் உரிமை தரவேண்டும். தேர் அவர்கள் தெருவுக்குள் செல்லவேண்டும். ஆகவே காசே வேண்டாம் என்பது அதன் பொருள். அன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எறையூரில், 2008ஆம் ஆண்டு மார்ச்சில், தனிப்பங்கு குறித்தும் பொதுப்பாதை குறித்தும் எழுந்த சாதிப் பூசல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இருவர் உயிரிழந்தனர். ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள் இருபுறமும் நின்றார்கள்! கடற்கரையாரிடம் இத்தகைய குறை யாதும் இல்லையென்று சொல்லமாட்டோம். எனினும் வீதியெங்கும் திரண்டு நிற்கும் கூட்டத்தில் எவர் கையும் வடத்தைத் தொடலாம் என்பதே தூத்துக்குடித் தேரின் உண்மையான பொன் என்போம்.

ஆதலின், இவ்வாண்டுப் பாதுகாவலர் விழாவுக்குப் பங்குப் பேரவை கூடும்போது, வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் எத்தனை ரூபாய் என்று கணக்கிடுமுன், இரண்டு வினாக்களைக் கேட்போம். வரிப்பட்டியலில் விடுபட்ட குடும்பம் எது? தேர் திரும்பிவிடும் தெருமுனை எது? தேரை இன்னும் நூறு அடி தள்ளுவதற்குப் பொருட்செலவு இல்லை, மனமே வேண்டும். வானத்துப் பனி பணக்காரன் கூரை, ஏழை கூரை என்று பார்த்து விழுவதில்லை; உப்பும் எல்லார் உலையிலும் ஒன்றாகவே கரைகின்றது. அன்னையின் தேரும் அவ்வண்ணமே எல்லாத் தெருக்களிலும் வலம் வருவதாக.